கல்லுக்குள் ஒரு குடித்தனம்

முதல் தடவை நான் கல் அடுக்கியதைப் போனில் பார்த்துவிட்டு என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னங்க இது, ஓடைக்கரைக்குக் கல்லுக்கட்டு கட்டுன மாதிரி கட்டி வச்சிருக்கீக!”

அவள் சொன்னதில் தப்பில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவன் நான். கல்லைக் கையில் கொடுத்தால் இண்டு இடுக்கு இல்லாமல் நெருக்கி அடுக்கத்தான் தெரியும். கண்ணாடித் தொட்டிக்குள்ளும் அதையே செய்து வைத்திருந்தேன்.

அவள் அப்போது பெங்களூரில் இருந்தாள். மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள். மகள் வேலைக்குத் திரும்பினாள், பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள், மூன்று மாதம் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டது. நான் ஒருமுறை போய் நாலு நாள் இருந்து பார்த்தேன். ஒன்பதாவது மாடியில் எனக்கு மூச்சு முட்டியது. தோட்டத்தைக் காரணம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசுவோம். சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன். மழை உண்டா, இல்லை. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் இருக்காது. முப்பது வருடம் ஒரே வீட்டில் சண்டை போட்டவர்கள், போனில் விருந்தாளிகள் போலப் பேசிக்கொண்டோம். போனை வைத்த பிறகு வீடு இன்னும் பெரிதாகத் தெரியும். அதை நினைத்தே சில நாள் ஆறரை மணியில் இருந்தே போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருப்பேன்.

தேனியில் கண் டாக்டரிடம் காத்திருந்தபோதுதான் உப்புத்தண்ணீர் மீன்தொட்டியை முதலில் பார்த்தேன். என் டோக்கனைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. மீனைவிட அந்தக் கல்தான் என்னைப் பிடித்து வைத்தது. ஊதாவும் பச்சையுமாக, ஓட்டை ஓட்டையாக, ஓட்டைக்குள் எதுவோ அசைகிற கல். லைவ் ராக், உயிருள்ள கல் என்றார்கள். விசாரித்து விசாரித்து, குமுளி வழியாகக் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு மலையாளி வியாபாரியைப் பிடித்தேன். கடலில் இருந்து கல்லைப் பெயர்த்து எடுக்கக் கூடாது என்பது சட்டம். இது சிமென்ட்டும் கிளிஞ்சலும் கலந்து வார்த்து, பழைய தொட்டியில் வருடக்கணக்கில் ஊறப்போட்டு உயிர் ஏற்றிய கல். ஈரச் சாக்கில் சுற்றி வந்தது. பெரியாற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தண்ணீர் என்று ஒத்துக்கொள்ளாத ஊரில், நான் வீட்டுக்குள் உட்கார்ந்து உப்புத்தண்ணீர் கலக்கினேன்.

சிரித்து முடித்ததும் அவள் மேஸ்திரி ஆகிவிட்டாள்.

“எல்லாத்தையும் எடுங்க. ஒளிஞ்சுக்க இடம் வேணாமா கல்லுல குடியிருக்கிற ஜீவனுகளுக்கு? அந்த மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அத இடப்பக்கம் வைங்க. இல்ல, இல்ல, திருப்புங்க.”

போனைச் சுவரில் சாய்த்துவைத்து, தோள்பட்டை வரை கையை விட்டுத் திருப்பினேன். கீழே பெரிய கல் இரண்டு, ஆடாமல் கண்ணாடித் தரையில். அதன்மேல் பாலம் போல ஒரு தட்டைக் கல். பின்னால் தண்ணீர் சுற்றிவர இடைவெளி. சமையலறையில் ஒரு டப்பாவை எங்கே வைப்பது என்பதில்கூட அவள் பேச்சைக் கேட்காதவன், அன்றைக்கு ஒரே கல்லைப் பத்துப் பதினைந்து தடவை திருப்பினேன். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஒரு வாரத்தில் அவள் வைக்கச் சொன்ன இடுக்கில் இருந்து நூல் மாதிரி ஒரு கால் நீண்டது. கல்லோடு ஒட்டிவந்த ஏதோ நட்சத்திர ஜீவன். தீனி போட்டால் ஐந்து காலில் இரண்டை மட்டும் வெளியே விட்டுத் துழாவும். மீதி வீட்டுக்குள். அதற்கப்புறம் சாப்பாட்டையும் மழையையும் அவள் கேட்கவே இல்லை. எடுத்ததும், “குடித்தனக்காரக வெளிய வந்தாகளா?” என்பாள். தூக்கம் வருகிறது என்று அவள் சொல்லும் வரை பேசுவோம்.

கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து மழை பிடித்த சமயம், கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம் கரைக்கும் வாளி தோட்டத்தில் உடைந்துபோனது. வீட்டில் தொட்டிக்கு உப்புக் கலக்க வைத்திருந்த வெள்ளை வாளியை எடுத்துப் போனேன். வந்து சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். மறுநாள் அதிலேயே உப்புத்தண்ணீர் கலக்கித் தொட்டியில் ஊற்றினேன். வியாபாரி முதல் நாளே சொல்லியிருந்தார், காப்பர் மட்டும் ஆகவே ஆகாது என்று. நான் புத்திசாலித்தனமாகத் தண்ணீர் குடிக்கும் செப்புப் பானையை அந்த அறையில் இருந்து அப்புறப்படுத்தியிருந்தேன். மயில்துத்தப் பையில் காப்பர் சல்பேட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை ஒவ்வொரு போகமும் படிக்கிறவன், அதை இதோடு சேர்த்து யோசிக்கவில்லை. நாங்கள் எடுத்துப் புழங்குகிற மற்ற விஷங்களுக்கு நடுவே மயில்துத்தம் எங்களுக்குத் திருநீறு மாதிரி.

விடிந்தபோது அந்த நட்சத்திர ஜீவன் வெட்டவெளியில், மணல்மேல் கிடந்தது. கால்கள் துண்டு துண்டாகக் கழன்றிருந்தன. கல்லின் ஓட்டைகளில் இருந்து புழுக்கள் பாதி வெளியே தொங்கின. வாடை வேறு.

“சேட்டா, கல்லு காப்பரைக் குடிச்சு வச்சிரும்,” என்றார் வியாபாரி. “இனி அது ஆகாது. எடுத்துக் களஞ்சிரு.”

எடுக்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை. பல்பு போய்விட்டது என்று சொல்லி இருட்டுத் தொட்டியைத் தூரத்தில் இருந்து காட்டினேன். குடித்தனக்காரர் இன்றைக்குப் பாலம் ஏறினார், தீனியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார் என்று கதை விட்டேன். செத்துப்போனது உயிரோடு இருந்தபோது செய்யாததை எல்லாம் செய்தது. அவள் சிரித்தாள். ஒன்பது நாள் இப்படி ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் போனை வைத்ததும் என்மேல் எனக்கே எரிச்சலாக வரும்.

பத்தாம் நாள், “பேத்திக்குக் காமிக்கணும், கிட்டக்க போங்க,” என்றாள். இதற்குமேல் புளுக எனக்குத் தெம்பில்லை. லைட்டைப் போட்டேன். வெளுத்துப்போன கற்கள். வாளியையும் மயில்துத்தத்தையும் சொன்னேன். ஒன்பது நாள் பொய்யையும் சொன்னேன். எரிந்துவிழப் போகிறாள் என்று காத்திருந்தேன். எரிந்துவிழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பேத்தியை இறக்கிவிட்டாள். “அப்ப நாளைக்கு என்னத்தப் பேச?” என்றாள்.

நான் ஒருவன்தான் பேச்சுக்குப் பஞ்சப்பட்டுக் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த மாடியில் அவளும் ஏழு மணியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“நீ வந்துரு,” என்றேன்.

“எப்படி வர? அவ ஆபீஸ் போயிட்டா பிள்ளைய யாரு பாக்குறது? உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் இத்தனை நாளும் கேக்கல.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“தெரிஞ்சாலும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல,” என்றாள்.