முள்ளிப்பட்டில் பாதியில் நின்ற தறியும் ஒரு டம்ளர் பாலும்

தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். ஆரணிக் கடை ஒன்றில் சொல்லி வைத்த கூறைப்புடவை, ஆனி முடிந்தும் வந்தபாடில்லை. போன் செய்தால் "நெய்துகினு இருக்காங்க மேடம்" என்று ஒரே பாட்டு. 2008 ஜூலைக் கடைசி சனிக்கிழமை நானே கிளம்பிவிட்டேன்.

கோயம்பேட்டில் காலை 6.10 பஸ். ஏறக்குறைய 140 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம், டிக்கெட் 48 ரூபாய். வழியில் எல்லோரும் டீ குடிக்க, எனக்குக் கடுங்காப்பி. பாலில் உள்ள சர்க்கரை எனக்குச் செரிக்காது. அதை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கும்வரை நாலு வருடம் பஸ் ஏறவே பயந்துகொண்டிருந்தவள் நான்.

கடைக்காரர் கையை விரித்தார். "நெய்றவருக்கு ஒடம்பு சரியில்ல மேடம். முள்ளிப்பட்டுல வீடு, நீங்களே ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க." ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம், ஐந்து ரூபாய்.

சண்டை போடத்தான் போனேன். தறியில் பாதிப் புடவை நின்றிருந்தது. நாற்பது வயது நெசவாளர் ஏகாம்பரம் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். அவர் மனைவி தேவகி இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்தார். எனக்கு ஒன்று, ஏகாம்பரத்துக்கு ஒன்று.

"எனக்குப் பால் சேராதுங்க. வயிறு உப்பிடும்" என்றேன்.

"பாலா சேராது? இவரு வவுத்துக்கு அதாங்க மருந்தே. நாள் பூரா தறியில குந்திகினு ஒடம்பு சூடாயிடுது. மூணு வேளையும் குடுத்துகினு வரேன்."

"குடிச்சதும் எப்படி இருக்கும்?"

ஏகாம்பரமே பதில் சொன்னார். "ஒரு மணி நேரத்துல கடமுடங்கும். அப்பறம் ஓட்டந்தான்."

என் பழைய கதையேதான்; வயிற்று வலி கூடக் கூடப் பாலையும் கூட்டியிருக்கிறார்கள்! என் சண்டையெல்லாம் போன இடம் தெரியவில்லை. தேவகி என்னை வாசலுக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "கேன்சரா இருக்குமோன்னு பயமா கீதுக்கா. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரமாட்டேங்கறாரு."

நான் டாக்டர் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு வாரம் பால், பால் காப்பி, பால்கோவா எதுவும் வேண்டாம். பிறகு மோர் கொஞ்சம் குடித்துப் பார்க்கலாம். புளிக்கும்போது பாலில் உள்ள சர்க்கரை குறைந்துவிடும். ஆனால் வேலூர் போவதைத் தள்ளக் கூடாது, எல்லா வயிற்று வலிக்கும் பால் காரணமில்லை. இதை ஏகாம்பரத்திடமும் கண்டிப்பாகச் சொல்லி, என் நம்பரையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆரணி போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியம் வெயில் வாட்டுகிறது. பால் சேராதவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்த பிறகு மறுத்தால், கொடுத்தவர் முகம் வாடிப்போகிறது. பிஸ்கட், இனிப்பு வாங்கும்போது பால் பவுடர் இருக்கிறதா என்று பாருங்கள்.

புடவை போன வாரம் வந்தது. தேவகியும் போனில் பேசினார். வேலூரில் பார்த்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. பாலை விட்ட நாலாம் நாளே ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்துவிட்டாராம். சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவர் திடீரென்று அழுதார்.

"அஞ்சு வருசமா என் கையால ஆத்தி ஆத்திக் குடுத்தேனேக்கா. வேணான்னவர அதட்டிக் குடிக்க வெச்சேன்."

"தெரியாமத்தானே குடுத்தீங்க. தெரிஞ்சதும் நிறுத்திட்டீங்களே" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு கேட்டார்: "பால் குடுக்கற நேரம் வந்தா கை சும்மா நிக்க மாட்டேங்குதுக்கா. இப்ப இன்னா குடுக்கலாம், சொல்லுங்க."