ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ‘கீச்’

வீட்டுக்குத் தானியங்கிச் சாமான் செய்து மாட்டுகிற எங்கள் பொழுதுபோக்கில் ஒரே விதிதான்: மேஜை மேல் ஓடுவது, மாட்டின பிறகு ஓடாது. ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னால் பனியனில் ஓட்டை போட்டுக்கொண்ட என் இனத்து ஜனங்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். வாரத்தில் ஐந்து நாள் கிண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மீதி இரண்டு நாள் செம்பாக்கத்தில் எங்கள் சாப்பாட்டு மேஜை முழுக்க மைக்ரோகண்ட்ரோலரும் வயர்லெஸ் சென்சாருமாகக் கிடக்கும். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி ஸ்டெல்லா அதே மேஜையின் ஒரு மூலையில் பேப்பர் திருத்துவாள். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பயப்படுகிறவன் கரண்டோடு ஏன் விளையாடுகிறான் என்று கேட்காதீர்கள், ஸ்டெல்லா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

விருந்தாளி வந்தால் மோட்டார் ஓடும்

முதலில் கை வைத்தது மொட்டைமாடி டாங்கில். தண்ணீர் குறைந்தால் மேலே இருக்கிற சென்சார் ரேடியோவில் சொல்லும், கீழே மோட்டார் தானே ஓடும். முதல் வாரம் ராஜபோகம். இரண்டாம் வாரம் நிரம்பின டாங்குக்கே மோட்டார் ஓட ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு ஒரு தரம், பதினொன்றுக்கு இரண்டு தரம். தண்ணீர் வழிந்து படிக்கட்டெல்லாம் ஆறாக ஓடியது. மோட்டார் எரிந்துவிட்டால் கோடையில் என்ன கதி என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ரேடியோ சில்லில் எட்டுக் கால்கள், அவரவர் வீட்டுக்கு என்று தனி எண் வைத்துக்கொள்ள. சோம்பேறித்தனத்தில் எட்டையும் சும்மா விட்டிருந்தேன். எதிர் வீட்டு மாடியில் ஜாபர் பாய் புதிதாக ஒரு வயர்லெஸ் காலிங்பெல் வாங்கி மாட்டியிருந்தார். அதைச் செய்த புண்ணியவானும் என்னைப் போலவே எட்டையும் சும்மா விட்டிருக்கிறான், இரண்டு வீட்டுக்கும் ஒரே எண். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா எழுந்து வந்து கேட்டாள்: “ஏங்க, ஜாபர் பாய் வீட்டுக்கு விருந்தாளி வந்தா நம்ம டாங்க்ல எதுக்கு தண்ணி ஏறுது?”

பாத்ரூம் விளக்கு

ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் ஒரு நிமிஷத்தில் அணையும். மின்சாரம் மிச்சம் என்று பெருமையாக மாட்டினேன். பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஸ்டெல்லாவின் தம்பி உள்ளே போனவன், வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான்: “மச்சான், உங்க வீட்டு பாத்ரூம்ல உக்காந்தா டிராஃபிக் போலீஸ் மாதிரி கை ஆட்டிகினே இருக்கணும்.”

பாயின் யோசனை

மோட்டார் விஷயத்தைக் கேட்டு ஜாபர் பாய் சிரிக்கவில்லை. தெருமுனையில் பைப், பெயிண்ட், ஆணி விற்கிற ஹார்டுவேர் கடை அவருடையது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி நசீமாவுக்கு ஆறாம் மாசம். முன்னால் ஒரு பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் நசீமாவின் அக்கா துணைக்கு வருவார். மதியத்துக்கு மேல் தனிதான். போன் இருப்பது ஹாலில், படுக்கை இருப்பது உள்ளறையில்.

டாங்க் வழிந்தால் துடைப்பத்தை எடுக்கலாம், இதற்கு எதை எடுப்பது? “பாய், என் சாமான் எதையும் நம்பாதீங்க, நான் பொழுதுபோக்குக்குச் செய்யறவன்” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “என் வீட்டு பெல்லு உங்க மோட்டாரையே ஓட்டுது சார், என் கடை வரைக்கும் ஒரு மணி அடிக்காதா?”

நசீமாவின் கேள்வி

செய்து கொடுத்தேன். சோப்பு டப்பாவுக்குள் ஒரு பட்டன், ஒரு பாட்டரி. அது கட்டில் பக்கத்து ஸ்டூலில். கடையில் கல்லாவுக்கு மேலே மணி. இந்தத் தடவை எட்டுக் கால்களையும் ஒழுங்காகக் கட்டினேன். மூன்று நாள் அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் ஒவ்வொரு தரமும் மணி அடித்தது. நாலாவது நாள் பாய் இரும்புப் பைப் லோடை இறக்கி, நேராக மணிக்கு முன்னால் சாத்தி வைத்தார். ரேடியோ அதைத் தாண்டவில்லை. இரண்டு நாள் அது யாருக்கும் தெரியாது. என்னவோ தோன்றி மறுபடி அமுக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த இரண்டு நாளில் ஏதாவது ஆகியிருந்தால்?

உள்ளறைக்கு நான் போவது முறையில்லை, எப்போதும் ஸ்டெல்லாதான் போவாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். கோபமெல்லாம் இல்லை, ஒரே ஒரு கேள்விதான் திரும்பி வந்தது: “டீச்சர், மணி அடிக்கலேன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தமா, மணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? சார்கிட்ட கேட்டு சொல்லுங்க.”

சார் மணி

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு புரோகிராமை மாற்றினேன். இனிமேல் டப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று தானாகவே சொல்லும், கடையில் ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். இரண்டு ‘கீச்’ தவறினால் மணி ஊரைக் கூட்டும். என் வாழ்நாளில் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

கத்தியது பாருங்கள். தண்ணீர் லாரி தெருவில் குறுக்கே நின்றால் கத்தியது. கரண்ட் போய் வந்தால் கத்தியது. பாட்டரி இறங்கினால் கத்தியது. முதல் தடவை பாய் செருப்பில்லாமல் ஓடினார். இரண்டாம் தடவை செருப்போடு ஓடினார். மூன்றாம் தடவை வேகமாக நடந்தார். ஏரியல் ஒயரைக் கடை போர்டுக்கு மேலே ஏற்றி லாரித் தொல்லையை ஒழித்தேன். கரண்டுக்கும் வழி செய்தேன். பாட்டரிக்குத்தான் வழியில்லை, சனிக்கிழமைதோறும் ஸ்டெல்லா போய்ப் புதுசு போட்டு வருவாள். ஆனால் போன நம்பிக்கை போனதுதான். ஒரு நாள் நான் ஸ்க்ரூ வாங்க நிற்கும்போதே மணி கத்தியது. பக்கத்தில் நின்ற பிளம்பர் பதறினார்: “இன்னா பாய், வூட்ல கூப்புடுறாங்க போல கீதே?” பாய் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் சொன்ன பதில்: “அது சார் மணிப்பா, அப்படித்தான் கத்தும், நீ எத்தினி இஞ்சு பைப்பு கேட்ட?”

பாட்டரி

நசீமாவுக்கு எட்டாம் மாசம். ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. பாட்டரி மாற்றுகிற நாள், மறந்தே போயிருந்தேன். தெருமுனையில் மணி கத்த ஆரம்பித்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். பாய் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். வாங்க வந்த நாலு பேர் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. உள்ளே ஓடி, புதுப் பாட்டரியை எடுத்து ஸ்டெல்லா கையில் திணித்தேன். “ஓடு, மாத்திட்டு வா, மானம் போகுது” என்றேன். சிவப்புப் பேனாவும் கையுமாக, முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மாடி ஜன்னலிலிருந்து ஸ்டெல்லாவின் குரல், வகுப்பறையில்கூட நான் கேட்டிராத குரல்: “பாய், ஆட்டோ கூட்டிட்டு வாங்க.” தராசு கீழே விழுந்தது. பாய் ஓடினார், செருப்பில்லாமல்.

திடீரென்று வலி எடுத்திருக்கிறது. நசீமா பட்டனுக்குக் கை நீட்டினபோது ஸ்டூலில் இருந்த தண்ணீர்ச் செம்பு டப்பா மேலேயே கவிழ்ந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் எத்தனை அமுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. கூப்பிடக் குரல் எழும்பவில்லை. தண்ணீர் குடித்த டப்பா ‘கீச்’ சொல்லாமல் செத்துப்போனதால்தான் கடையில் மணி கத்தியது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று தாம்பரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைக் கேட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், உள்ளங்கை அகலம்தான் இருந்தது, ஆனால் அழுதது. பாய் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “மணி கத்துறப்போ நான் ஆணி எடை போட்டுக்கிட்டு நின்னேன் சார், தெருவுல நீங்க ஒருத்தர்தான் அதை நம்புனீங்க.”

ஜனங்களே, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அன்றைக்கு அந்தத் தெருவிலேயே அந்த மணியை எல்லாரையும்விடக் குறைவாக நம்பினவன் நான்தான். இல்லாவிட்டால் ஸ்டெல்லா கையில் பாட்டரியைக் கொடுத்து அனுப்பியிருப்பேனா?