பந்தி வஞ்சனை

காபிக்கொட்டை வறுபடும் மணம் வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டிலிருந்து எழுந்து தெருவில் இறங்கும். அம்மா இரும்பு வாணலியில் கொட்டைகளைக் கருகவிடாமல் புரட்டி, சூடு தணிவதற்குள் கை மிஷினில் போட்டு அரைப்பாள்; வெளியே பாவு நூலை நீட்டிக்கொண்டிருக்கும் நெசவாளர்கள் தலையை நிமிர்த்தி, "வாத்தியார் வீட்ல காபித்தூள் அரைக்கிறாங்கபா" என்று சொல்லிக்கொள்வார்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது மட்டும்தான் கிறிஸ்தவ வீடு. எங்களை "வேதக்காரங்க" என்று சொல்லுவார்களே தவிர, அந்தச் சொல்லில் விலகல் எதுவும் இருந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, அமெரிக்காவில் நீர்ப்பாசனப் படிப்பை முடித்துக்கொண்டு அம்மாவின் தம்பி ராஜு மாமா வந்து இறங்கினார். தாமல் ஏரியின் மதகு வேலையில் அவருக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் தங்கித்தான் போய்வரப் போகிறார் என்று அம்மா முந்தின நாளே தூள் அரைத்து, அவருக்கென்று முதல் டிகாக்ஷனை எடுத்து வைத்திருந்தாள். டபராவை நீட்டியபோது மாமா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாங்கா. காபி, டீ எதுவும் குடிக்கறதில்ல."

"ஒடம்புக்கு ஒத்துக்கலையா?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல. விட்டுட்டேன்."

அமெரிக்கப் பாலின் மேல் பழியைப் போட்டு அம்மா இரண்டு நாள் சமாதானம் ஆனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஆலயத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாமா விஷயத்தைச் சொன்னார். படித்த ஊரில் பனிக்காலத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தபோது தன்னை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பம் மார்மன் சபையைச் சேர்ந்தது என்றும், அவர்களோடு போய்வந்து, படித்து, யோசித்து, கடைசியில் அந்தச் சபையிலேயே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டதாகவும், காபியும் மதுவும் புகையிலையும் அவர்களுக்கு விலக்கு என்றும் நிதானமாகச் சொன்னார். பைபிளோடு கூட இன்னொரு வேதப் புத்தகமும் அவர்களுக்கு உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அப்பா கட்டிய வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பைபிளுக்கு மேல இன்னொரு புஸ்தகமா?"

"மேல இல்ல மச்சான். கூட."

"கூட வச்சாலும் குத்தம்தான்."

அப்பாவைக் குறுகிய மனதுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சின்ன காஞ்சிபுரத்தில் கருடசேவைக்குக் கூட்டம் நெரியும் நாளில், பள்ளிக்கூடத்துப் பையன்களை அழைத்துப் போய்த் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றியவர் அவர். நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்குத் தூக்குப் பாத்திரத்தில் வரும். அவரோடு வேலைபார்த்த நயினார் சார், திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். பொழுது சாய்ந்தால் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டார், மண்ணுக்கடியில் விளைவதைத் தொடமாட்டார். அவர் வரும் நாளில் எங்கள் வீட்டில் வெங்காயம் உரிபடாது, மாலை ஐந்து மணிக்கே இலை விழுந்துவிடும். வடகலை தென்கலை நாமச் சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அப்பா சிரிப்பார். "கும்பிடறது ஒரே பெருமாள். நெத்தியில இருக்கிற கோட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போறாங்களே" என்பார்.

அப்படிப்பட்டவர் மாமாவோடு மட்டும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இதைக் கவனித்த நயினார் சார், ஒரு மாலை சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கேட்டார்.

"ஏன் சார், நான் ராத்திரியில சாப்பிடமாட்டேன்னா அஞ்சு மணிக்கே இலை போடறீங்க. அந்தத் தம்பி காபி வேணாங்குது. அதுல என்ன சார் இருக்குது?"

"நீங்க வேற மதம் சார். உங்களோட எனக்கு என்ன வழக்கு? அவன் எங்க ஆளு. எங்க ஆண்டவரு பேரைச் சொல்லிக்கினு வேற எதையோ சொல்றான்."

நயினார் சார் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "எட்ட இருந்தா உறவு, கிட்ட இருந்தா பகைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

செய்தி ஆலயத்துக்குள் பரவ அதிக நாள் ஆகவில்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு வந்து ஆண்கள் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்காருவார்; பழைய கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார்; அப்பமும் திராட்சை ரசமும் பங்கிடும் திருவிருந்து நேரத்தில் மட்டும் எழமாட்டார். பேச்சு கிளம்ப அது போதுமானதாக இருந்தது. அந்த மதத்தில் ஆளுக்கு நாலைந்து பெண்டாட்டி கட்டிக்கொள்ளலாமாம் என்று ஒரு அம்மாள் வேப்பமரத்தடியில் எங்கள் அம்மாவிடமே கேட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டாள்.

"அதெல்லாம் எந்தக் காலத்திலயோ. விட்டுட்டாங்கக்கா" என்றார் மாமா. "எனக்கு ஒன்னுக்கே வழியக் காணோம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றும் போனது. செங்கல்பட்டில் மாமாவுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் அந்த வாரம்தான் தட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அப்பா அப்போது சபைக் கமிட்டியின் காரியதரிசி. கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டது. அதை ஆராதனையின் முடிவில் வாசிக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. வெளிறிய முகத்தோடு பீடத்தின் அருகே நின்று அவர் வாசித்தது இப்போதும் என் காதில் இருக்கிறது: மாறுபட்ட உபதேசத்தைத் தழுவிய ஞானராஜ் என்பவரோடு சபையார் எவரும் பந்தியிலோ ஜெபத்திலோ ஐக்கியம் கொள்ளலாகாது. ஞானராஜ் என்பது மாமாவின் முழுப் பெயர். அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடைசிப் பெஞ்சில் மாமா பாட்டுப் புத்தகத்தை மூடி, அதன் முனை மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டு, பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மத்தியானம் அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள். வழக்கமாக எதிரே உட்காருபவள் அன்று உட்காரவில்லை.

"இது என் தீர்ப்பு இல்ல. கமிட்டி தீர்ப்பு" என்றார் அப்பா.

"வாசிச்சது உங்க வாய்தானே. பந்தி வஞ்சனை பண்ற வீடு வெளங்காதுன்னு எங்கம்மா சொல்வாங்க. கல்யாணப் பந்தியில ஒருத்தனுக்கு அப்பளம் வைக்கலைன்னாலே அது வஞ்சனை. நீங்க இலையையே எடுத்துட்டீங்க."

அக்காள் புருஷனுக்குத் தன்னால் சங்கடம் வேண்டாம் என்று மாமா அந்த வாரமே வேறு இடம் பார்த்துக்கொண்டார். நயினார் சார் தம் வீட்டின் பின்கட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். கறி, முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. "நான் காபி கேக்கமாட்டேன் சார், அது உங்களுக்கு மிச்சம்" என்று மாமா சொன்னதாக நயினார் சார் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்பாவும் அங்கேதான் இருந்தாராம், சிரிக்கவில்லையாம்.

அதற்கடுத்த திருவிருந்து ஞாயிற்றில் ஒன்று நடந்தது. பெண்கள் பக்கம் ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்தருகே முழங்காலிடப் போனது. எங்கள் வரிசை எழுந்தது. அம்மா எழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கால்களை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும். காரியதரிசியின் மனைவி திருவிருந்து எடுப்பதில்லை என்பது ஆலயத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அதைப் பற்றி அவளிடம் பேச யாருக்கும் துணிவில்லை. போதகர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார்.

"திருவிருந்துக்கு ஒரு வரைமுறை இருக்குதும்மா. அது நான் போட்டது இல்ல" என்றார்.

"வரைமுறை இருக்கட்டும் ஐயா. அவனுக்கு அப்பம் குடுங்கன்னு நான் கேக்கல, அவனும் கேக்கல. அவன்கூட உக்காந்து சோறு திங்கக்கூடாதுன்னு வாசிச்சாங்களே, அது எந்த வரைமுறை?"

போதகர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

மாமாவுக்கே இதில் வருத்தம்தான். ஞாயிறு மாலைகளில் அம்மா என்னை அழைத்துக்கொண்டு, வேகவதி ஆற்றின் மணலைக் கடந்து திருப்பருத்திக்குன்றத்துக்கு நடப்பாள். கையில் வெங்காயம் போடாத குழம்பு இருக்கும். "எனக்காக நீ ஆண்டவரோட கோவிச்சுக்காதேக்கா" என்று மாமா சொல்வார். "ஆண்டவரோட எனக்கு என்ன கோவம்? பந்தி போட்டவங்களோடதான்" என்பாள் அம்மா. அந்தக் கிராமத்துச் சமணக் கோயிலின் மதில் நிழலில் நான் விளையாடிக்கொண்டிருக்க, அக்காளும் தம்பியும் மதம் பற்றிப் பேசாமல் ஏரி பற்றியும் மழை பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலத்தில் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். நயினார் சாரின் மனைவி கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து வேளை தவறாமல் கொடுத்தார். துணிகளைக்கூட அவர்கள் வீட்டில்தான் துவைத்துப் போட்டார்கள். எங்கள் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மறுநாளே கூட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஜெபம் செய்வது வழக்கம். மாமாவைப் பார்க்க ஒருவர்கூட வரவில்லை. வரக்கூடாது என்றுதான் வாசிக்கப்பட்டிருந்ததே.

நயினார் சார் பள்ளிக்கூடத்தில் அப்பாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த ஞாயிறு மாலை நானும் அம்மாவும் புறப்பட்டபோது அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார். மூவரும் வேகவதியைக் கடந்து நடந்தோம்.

மாமா கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அப்பா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். நோயாளி வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே காரியம் ஜெபம் செய்வது. கையைக் குவித்தார், கண்ணை மூடினார், "ஆண்டவரே" என்றார். மேலே வார்த்தை வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் "ஆண்டவரே" என்றார். அதோடு நின்றுவிட்டது. தம் வாயால் வாசித்தது அந்த வாயை அடைத்துக்கொண்டு நின்றது என்று இப்போது நினைக்கிறேன்.

அதைப் பார்த்த மாமா படுத்தபடியே ஜெபிக்க ஆரம்பித்தார். அமெரிக்காவில் கற்றது எதுவும் அதில் இல்லை. அம்மாவும் அவரும் சிறு வயதில் ஒரே பாயில் முழங்காலிட்டுச் சொல்லிப் பழகிய, வீட்டுத் தமிழில் அமைந்த மாலை ஜெபம். அம்மா எனக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். "பாதை தெரியாத எங்களைக் கைப்பிடித்து நடத்தும், பசித்தவர்களோடு எங்களைப் பங்கிடும்" என்று போகும். கடைசியில் அப்பாவின் பேரையும், சபைக் கமிட்டியையும் சேர்த்து, அவர்களுக்கு நல்ல சுகம் கொடும் என்று முடித்தார்.

"ஆமென்" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். ஜெபத்தில் ஐக்கியம் கொள்ளலாகாது என்று வாசித்தவர் அவர்.

அந்த நேரம் நயினார் சாரின் மனைவி வாசலில் வந்து நின்று, "பொழுது சாயப் போவுது. எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டுடுங்க" என்றார். பின்கட்டுத் தாழ்வாரத்தில் இலை போட்டார்கள். மாமாவைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தவர் அப்பாதான். நயினார் சார், அப்பா, மாமா, நான் என்று ஒரே வரிசை. மாமாவுக்கு உப்பில்லாத ரசமும் குழைந்த சோறும். ரசம் இலையை விட்டு ஓடாமல் அப்பா தம் கையால் அணை கட்டிக் கொடுத்தார். அம்மா பரிமாறினாள், முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

திரும்பும் வழியில், ஆற்று மணலில், அப்பா பேச்செடுத்தார்.

"நான் ஆமென் சொல்லிட்டேன்."

"கேட்டேன்" என்றாள் அம்மா.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "நான் ஞானராஜோட உக்காந்து சாப்பிட்டேன், ஜெபமும் பண்ணேன். அவன் உபதேசம் சரின்னு நான் இன்னிக்கும் ஒத்துக்கல. ஆனா தீர்மானத்த மீறினது நான். என்ன செய்யணுமோ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். பிறகு அங்கிருந்தவர்களில் மூத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி சார், அடுத்த விஷயம் என்ன?" என்று கேட்டாராம். தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதை நினைவுபடுத்தவும் இல்லை. அந்த மாதத் திருவிருந்தில் எங்கள் வரிசை எழுந்தபோது அம்மாவும் எழுந்தாள்.

மாமா தேறி, இரண்டு ஆண்டுகள் தாமலில் வேலை பார்த்துவிட்டுப் பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு அங்கே அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள் சிலர் சேர்ந்தார்கள். அதுவரை தனி ஆளாகவே தம் விசுவாசத்தைக் காத்துவந்தார். கடைசிவரை, சந்தித்தபோதெல்லாம் அப்பாவும் அவரும் அந்த இன்னொரு புத்தகத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு.

இப்போது அவர்களில் யாரும் இல்லை. நயினார் சாரின் வீடு இருந்த இடத்தில் வாடகைக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. வேகவதியில் நடந்து கடக்கிற மணல் இல்லை, கருவேல முள்தான். வெங்காயம் உரிக்காத சமையலை யாருக்காகவும் நான் செய்து பல வருடங்கள் ஆகின்றன. வேறு வேறு நம்பிக்கைக்காரர்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து சண்டை போடுகிற நெருக்கமும் இப்போது அருகிவிட்டது. ஒத்துவராதவர்களை நாம் சுலபமாகத் தவிர்த்துவிடுகிறோம்.

மாமாவின் அடக்கத்துக்காகப் பெங்களூருக்குப் போன நான், ஞாயிறன்று அவருடைய ஆராதனைக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பத் துண்டுகள் நிறைந்த தட்டு வரிசை வரிசையாகக் கை மாறி என்னிடம் வந்துகொண்டிருந்தது. எடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த இளம்பெண் என் தயக்கத்தைக் கண்டு, "எடுத்துக்கணும்னு இல்லைங்க ஆன்ட்டி. கையில வாங்கி அடுத்தவங்களுக்குக் குடுத்தா போதும்" என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்தேன்.