ஐந்து கிலேசங்களும் ஒரு பஸ் டிரைவரும்

யோகா வாத்தியார் வேலையில் முதுகை வளைப்பது சுலபம். அந்த முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் மனசை இறக்குவதுதான் பெரும்பாடு. மனசு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

உள்ளே குடியிருப்பவர்கள்

தொண்ணூறுகளில் இரும்புலியூரில் ஒரு மாடி ஹாலில் வகுப்பு நடத்தினேன். துன்பத்துக்கு வேர் ஐந்து கிலேசங்கள் என்கிறது யோக சாஸ்திரம்: அறியாமை, 'நான்' என்ற எண்ணம், ஆசை, வெறுப்பு, உயிர்ப்பயம். அமெரிக்காவிலிருந்து தங்கை அனுப்பிய மனநலப் புத்தகமோ, மனசு ஒரே ஆள் இல்லை, உள்ளே பலர் இருக்கிறார்கள், எல்லோரும் நம்மைக் காப்பாற்றத்தான் பாடுபடுகிறார்கள், விரட்டாமல் பேசிப் பாருங்கள் என்றது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, "கோபம் வந்தால், யாரப்பா நீ, உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்" என்று வகுப்பில் சொன்னேன்.

வீட்டில் நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்த சரோஜா அக்கா கையைத் தூக்கினார். "ஏன் மாஸ்டர், கீழ இருக்கிற நாலு குடித்தனத்தையே என்னால சமாளிக்க முடியல. உள்ள வேற அஞ்சா?"

ஹோல்டான்

வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஏழுமலை பஸ் டிரைவர். ஒருநாள் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே அவர் வண்டி நின்றுவிட்டது. ரயில் வருவதற்குள் தள்ளிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. திங்கட்கிழமை வண்டி எடுக்காவிட்டால் இனி டெப்போவில் பஸ் கழுவும் வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

உயிர்ப்பயம்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டி, அதனிடம் பேசச் சொன்னேன். கண்ணை மூடினார்.

"கண்டக்டர் மாதிரி ஒருத்தன் கீறான் மாஸ்டர். கேட்டாண்ட போனாலே 'ஹோல்டான், வண்டிய நிறுத்து'ன்றான்."

"ஏனென்று கேளுங்கள்."

உள்ளே இருப்பவனிடம் கேட்டார். பிறகு அழுதார். என் கணக்கு தப்பு. அது பயம் இல்லை, அவமானம்.

"அன்னிக்கு வண்டில அத்தினி பேர் இருந்தாங்க மாஸ்டர். மொதல்ல குதிச்சு ஓடினது நான்தான்."

திங்கட்கிழமை

மனசு கேட்காமல் நானும் அந்தப் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். கேட் திறந்துதான் இருந்தது. ஏழுமலை தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தி, திரும்பி, எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள். கியர் போட்டுக் கடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனசுக்குள்ள இருந்த அந்தக் கண்டக்டர் போயிட்டானா?" என்று கேட்டேன்.

"எறங்க மாட்டேன்றான் மாஸ்டர். இருந்துட்டுப் போவட்டும், பாவம். எடம் கீதே."

கிலேசங்களை ஒழித்துக்கட்டக் கிளம்பிய நான், அன்றிலிருந்து அவற்றுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் புரோக்கராகத்தான் காலம் தள்ளினேன்.