மண்ணெண்ணெயில் ஓடிய கொம்பியூட்டர்: உரும்பிராயிலிருந்து வட்டுக்கோட்டைக்கு

வலிகாமத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க எந்தப் பாதை நல்லது என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் எப்போதும் சொல்வது ஒரே பாதைதான்: உரும்பிராயில் தொடங்கி மருதனார்மடம், இணுவில், மானிப்பாய், சங்கானை வழியாக வட்டுக்கோட்டை. ஏறக்குறைய பதினாறு கிலோமீற்றர். இப்போது பலமுறை போய்விட்டேன். ஆனாலும் அந்த வீதி எனக்குப் பழக்கமானது 1993 மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். முதன்முதலாக ஒரு கொம்பியூட்டரைப் பார்க்கப் போன பயணம் அது.

எனக்கு அப்போது இருபது வயது. கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தேன். போரினால் குடாநாட்டில் மின்சாரம் நின்று வருடக்கணக்காகியிருந்தது. எங்கள் ஊர் ரியூசன் கொட்டில் ஒன்றில் சிவநேசன் சேர் பேசிக் என்ற கணினி மொழியைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தார். எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு அலுவலகத்தில் கொம்பியூட்டர் பழகி வந்தவர் அவர். நாங்கள் ஆறு பேர் படித்தோம், நான்கு பெடியன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும். ஐந்து மாதமாக நிரல்கள் எழுதினோம், திருத்தினோம், விடை என்ன வரும் என்று மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம். ஒருவரும் அந்த இயந்திரத்தைக் கண்ணால் கண்டதில்லை. (சிரிக்காதீர்கள். நீந்தப் பழகுவதைப் பலகையில் படித்த மாதிரித்தான்.)

வட்டுக்கோட்டையில் சேரின் நண்பர் ஒருவரிடம் கொம்பியூட்டரும் சின்ன ஜெனரேற்றரும் இருந்தன. ஒரு காலை நேரம் எங்களுக்காக ஓட்ட அவர் சம்மதித்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: நான்கு போத்தல் மண்ணெண்ணெய் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கடினம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. விளக்கும் அதில்தான், மோட்டார் சைக்கிளும் அதில்தான், தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பும் அதில்தான். பெடியன்கள் நான்கு பேரும் சேர்ந்து இரண்டு போத்தல் தேடியெடுத்தார்கள். கொழும்புத்துறையிலிருந்து வகுப்புக்கு வரும் யசிந்தாவின் வீட்டில் விளக்குக்கே எண்ணெய் இல்லை. மிச்சம் இரண்டு போத்தலை நான் அப்பாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

அப்பா வெங்காயத் தோட்டத்தில் வாய்க்கால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது நாளைக்கு இறைக்கிறதுக்கு வைச்ச எண்ணெய், பிள்ளை."

"தெரியும் அப்பா."

"உந்தப் பெட்டியைப் பாத்து என்ன செய்யப் போறாய்?"

"பாக்கிறதுக்கில்லை. ஓட்டிப் பாக்கிறதுக்கு. நான் எழுதினது சரியோ பிழையோ எண்டு அதுதான் சொல்லும்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வெங்காயத்தைப் பார்த்தார். "சரி, ஒரு தண்ணி பிந்தட்டும். வீணாக்கிப்போட்டு வராதை" என்றார். ஒரு இறைப்புப் பிந்தினால் வெங்காயத் தாள் மஞ்சளாகிப் பழுக்கும் என்பது எனக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். முன்னால் சேர், பிறகு குகனும் மற்ற மூன்று பெடியன்களும், கடைசியில் நானும் யசிந்தாவும். என் சைக்கிள் காரியரில் எங்கள் இரண்டு போத்தல்களும் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தன. வாடைக்காற்று முதுகில் தள்ளியது, மேற்கே ஓடுவது சுகமாக இருந்தது. மருதனார்மடம் தாண்டி இணுவில் வரை இரண்டு பக்கமும் தோட்டம். மானிப்பாயை நெருங்கும்போது இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி மதிலோரம் வேப்பமரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். அது தெற்கே போய்விட்டது. திரும்ப ஏறினோம்.

சண்டிலிப்பாயில் யசிந்தாதான் கவனித்தாள். "எடியே, உன்ரை பாவாடை முழுக்க எண்ணெய்!" ஒரு போத்தலின் தக்கை தளர்ந்து கால்வாசி ஒழுகிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த சைக்கிள் கடைக்காரர் பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி வாயை இறுக்கிக் கட்டினார்.

"எங்கை போறியள் இவ்வளவு எண்ணெயோடை?"

"கொம்பியூட்டர் ஓட்ட, அண்ணை."

"கரண்டில்லாமல் எப்பிடி ஓடும்?"

"மண்ணெண்ணெயிலை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அதுவும் எங்கடை மோட்டச்சைக்கிள் மாதிரித்தான்!" காசு வாங்கவில்லை.

எட்டரைக்கு வட்டுக்கோட்டை. வீட்டுக்காரர் நடராசா ஒரு கணக்காளர், கொம்பியூட்டரைப் பிள்ளை மாதிரித் துணி போர்த்தி வைத்திருந்தார். நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டு ஜெனரேற்றரைக் கிளப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். திரையில் பச்சை எழுத்துகள் வந்தபோது எல்லோரும் அதைச் சுற்றி நெருங்கினோம்.

"பெடியள் இருந்து அடிக்கட்டும்," என்றார் அவர். "பெட்டையள் பின்னாலை நிண்டு பாத்தால் காணும். கீபோட் பழுதானால் இஞ்சை வேறை எடுக்கேலாது."

சேர் எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு குகனுக்குக் கையைக் காட்டினார். இரவல் வீடு அல்லவா.

குகன் கதிரையில் இருந்தான். எங்களில் கெட்டிக்காரன் அவன்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, ஓடச்சொன்னான். 'சின்டாக்ஸ் எரர்' என்று வந்தது. திரும்ப அடித்தான். திரும்ப அதே பிழை. அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் எனக்கு எங்கள் பம்பு இரைவது போலவே கேட்டது, ஆனால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

"ஐயா," என்றேன். "இப்ப ஓடுற எண்ணெயிலை பாதி எங்கடை வெங்காயத்துக்கு இறைக்க வைச்சது. நான் பாத்துக்கொண்டு நிக்க வரேல்லை."

சேர் முன்னால் வந்தார். "அவ இருக்கட்டும் நடராசா. நான் பொறுப்பு."

நடராசா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. முதல்லை கிணத்தடியிலை கையைக் கழுவிப்போட்டு வாரும். எண்ணெய் மணக்குது."

கழுவிக்கொண்டு வந்து இருந்தேன். குகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழும்பினான். தோட்டத்துக்கு இறைக்க எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று கணக்குப் போடும் என் நிரலை அடித்தேன். எனக்கும் அதே பிழை. அப்போது யசிந்தா என் தோளுக்கு மேலால் கையை நீட்டினாள்.

"இஞ்சை பார். மேல் வரிசையிலை ஒரு வட்டம், கீழை இன்னொரு வட்டம். கீழை இருக்கிறது எழுத்து. மேலை இருக்கிறதுதான் பூச்சியம்."

கரும்பலகையில் பூச்சியமும் ஆங்கில 'ஓ' எழுத்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஐந்து மாதம் படித்தும் எங்கள் ஒருவருக்கும் அது வேறு வேறு விசை என்று தோன்றவில்லை. சேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிழையான இடங்களை மாற்றினேன், ஓடச்சொன்னேன். எத்தனை பாத்தி, எத்தனை மணித்தியாலம் இறைப்பு என்று அது என்னைக் கேட்டது. நான் சொன்னேன். விடை வந்தது. நான் கையால் போட்டுப் பார்த்த அதே விடை. யசிந்தா என் முதுகில் குத்தினாள், நன்றாகவே வலித்தது.

குகனின் நிரலும் மற்ற மூன்று பெடியன்களின் நிரல்களும் பிறகு ஓடின. கடைசியாக யசிந்தா இருந்தாள். பாதி அடித்திருப்பாள், ஜெனரேற்றர் இருமியது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. அவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். ஒழுகிப்போன அந்தக் கால் போத்தல் அவளுடைய நேரம் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

நடராசாதான் முதலில் பேசினார். "அடுத்த சனியும் வாங்கோ. முதல் ஆளா இந்தப் பிள்ளை இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமை போனோம். யசிந்தா முதல் ஆளாகவே இருந்தாள். இன்று அவள் மன்னாரில் கணினி ஆசிரியை.

அன்று பின்னேரம் எதிர்க்காற்றில் உழக்கிக் களைத்து வீடு வந்தேன். அப்பா கேட்டது ஒன்றுதான். "நீ அடிச்சனியோ?"

"ஓம் அப்பா. நான்தான் அடிச்சனான்."

"அப்ப சரி."

வெங்காயம் சில பாத்திகளில் பழுத்தது. மிச்சம் தப்பியது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாசி, பங்குனியில் போங்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிவிட்டால் மேற்கே மிதிப்பது பெரும்பாடு. விடியவே புறப்பட்டால் பத்து மணி வெயிலுக்கு முன் சேரலாம். சங்கானைச் சந்தையடியில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், அதற்கு அப்பால் கடை குறைவு. தண்ணீர் இரண்டு போத்தலாவது வேண்டும்.

உங்களில் சிலர் வெளிநாட்டிலிருந்து வரும்போது பள்ளிக்கூடங்களுக்கு மடிக்கணினி கொண்டுவருகிறீர்கள். நல்ல காரியம். கையளித்துப் படம் எடுத்தவுடன் புறப்படாதீர்கள். ஒரு பாடநேரம் வகுப்பின் பின்பக்கம் இருந்து பாருங்கள். யார் தட்டுகிறார்கள், யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியும். எட்டிப் பார்க்கிற பிள்ளைக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.