அரை முட்டைக் கணக்கு

அம்மாவை அறைக்குள் உட்கார வைத்து, அறை வாசலில் பேசின் நிறைய ஊதாத் தண்ணீர் வைத்த குடும்பம் எருமப்பட்டி வட்டாரத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்களுக்குக் கோழிப்பண்ணை. கலெக்டரே வந்தாலும் வாசலில் இருக்கும் ஊதா மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் பண்ணைக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் கோழிச்சீக்கும் கூடவே வந்துவிடும். ஆகவே, கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கதிர்வீசும் அயோடின் கொடுத்து, சில நாள் தனியறையில் வைத்திருந்து, மறுபடி வந்து காட்டும்வரை பிள்ளைகள் நெருங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியபோது, அப்பா தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்.

"ஏனுங்க, எனக்கென்ன கோழியாட்டம் வெள்ளக் கழிச்சலா வந்திருக்குது?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள். அப்பா தண்ணீரில் இன்னும் கொஞ்சம் மருந்தைப் போட்டார்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மா பக்கத்தில் படுப்பதெல்லாம் சின்னப் பையன்கள் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். நெருங்காதே என்று சொன்ன நிமிடத்திலிருந்து எனக்கு அம்மாவைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தேவைப்படவில்லை.

பிளஸ் டூ படித்த அக்காவின் புத்தகத்தைப் புரட்டியதில் விடை கிடைத்தது. அந்த அயோடினுக்கு அரை ஆயுள் எட்டு நாள். எட்டு நாளில் பாதி போனால், பதினாறாம் நாள் சுத்தம். இதற்குப் போய் டாக்டருக்கு எத்தனை வருஷப் படிப்பு என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் அறிவித்தேன்.

அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் கொட்டகையிலிருந்து வந்ததும், "இன்னைக்கு எவ்வளவு கொறஞ்சிருக்கும் சாமி?" என்று கேட்பார். கொட்டகையை ஒரு தடவை சுற்றி வந்தே இன்றைக்கு இத்தனை முட்டை என்று சொல்லிவிடும் மனிதருக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏறவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருக்கும். பெரிய மனது பண்ணி மறுபடி மறுபடி விளக்குவேன். அவரும் மறுநாள் மறுபடி கேட்பார்.

கெடுத்தவள் அக்கா.

"பதினாறாம் நாள் சுத்தமாவாதுடா. பாதியில பாதி, கால்வாசி நிக்கும். அப்பறம் அதுல பாதி."

எப்போதுதான் தீரும் என்று கேட்டேன். புத்தகப்படி தீரவே தீராது என்று சொல்லிவிட்டு, அவள் தலை பின்னிக்கொள்ளப் போய்விட்டாள்.

முட்டை அறைக்கு ஓடினேன். ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. பாதியை எடுத்தேன், பதினைந்து. அதில் பாதி ஏழரை. ஏழு முட்டையை எடுத்துவிட்டு எட்டாவதைக் கையில் பிடித்தபடி நின்றேன். அரை முட்டைக்கே வழியில்லை. அதற்குப் பிறகு கால், அரைக்கால்! கண்ணுக்குள் என் கல்யாணம் ஓடியது. மண்டபத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். அம்மா மட்டும் கேட்டுக்கு வெளியே, முன்னால் ஊதா பேசினோடு. முட்டை கையிலேயே உடைந்தது.

அப்பா வந்து பார்க்கும்போது மஞ்சள் கருவும் மூக்குச்சளியுமாக நின்றேன். அம்மா இனிமேல் வெளியே வரவே முடியாது, பாதி பாதியாகப் போய்க்கொண்டே இருக்கும் என்று கேவினேன். அவர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கொறையுதில்ல?" என்று கேட்டார்.

"கொறையுதுங்கப்பா."

"அது போதுஞ் சாமி."

இப்போதும் நான் எதற்காவது பதறினால், பேசினைக் கொண்டு வரட்டுமா என்பாள் அம்மா.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போன அன்று நானும் வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். முட்டை வேனில் அம்மா முன்னால். நான் பின்னால், முட்டைகளுக்குக் காவல். அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்து முடிந்ததும் டாக்டர் முன்னால் நின்று, தீராத என் கணக்கை ஒப்பித்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாட்டில்ல மூடி வெச்ச மருந்துக்கு உன் கணக்கு சரி தம்பி. அம்மா உள்ள வெச்சுப் பூட்டிக்கலியே. குடிச்ச தண்ணியோடயே ஒண்ணுக்குல பெரும்பகுதி வெளிய போயிருச்சு. இனிப் பக்கத்துல போலாம்."

பிறகு அப்பாவிடம் ஸ்கேனைக் காட்டி, வேறெங்கும் பரவவில்லை என்றார். அந்தக் கட்டிக்கு ஒரு பெயர் உண்டென்று வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பரவாதது எது என்று கேட்க எனக்கும் நேரமில்லை. அதற்குள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு துண்டால் முகத்தை அழுத்தியிருந்தார். தோள் குலுங்கியது. நாள் தவறாமல் கேட்டுவந்த கணக்கு கடைசியில் தப்பாய்ப் போனதற்கா இவ்வளவு பெரிய ஆள் அழுவது? எனக்கே சங்கடமாகிவிட்டது. போய் அவர் கையைப் பிடித்தேன்.

"உடுங்கப்பா. அடுத்த தடவ சரியாப் போட்டுக்கலாம்."

துண்டை எடுக்காமலே அப்பா சொன்னார். "அடுத்த தடவ வேண்டாஞ் சாமி."

என் கணக்கின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஊர் வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை.