இந்த இடத்துக்கு ஆள் இருக்கு

காமினியின் கைப்பைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை உண்டு. பெற்றோர் கூட்டம் என்றால் அது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாராவது வந்து "காலியா, அக்கா?" என்று கேட்டால், "இல்ல, ஆள் இருக்கு" என்பாள். கூட்டம் முடியும். ஆள் வந்திருக்காது. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஆள் என்பது அவள் புருஷன் சந்திரசேகரன். பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவர். கெட்ட மனுஷன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் மட்டும் எங்கிருந்தோ ஓவர்டைம் வந்து குதிக்கும். "நீ முன்னாடி போ. எனக்கு ஒரு எடம் போட்டு வை, வந்துர்றேன்" என்பார். மகள் துளசி முதலாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இதே பாட்டுத்தான். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, எதற்கும் தலை காட்டியதில்லை.

ஒருநாள் விடியற்காலை, ராத்திரி வேலை முடிந்து மழையில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, பாலம் முடிகிற வளைவில் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டார். அவரை உருக்குலைத்த லாரி ஹெல்மெட்டை மட்டும் தொடவில்லை. மஞ்சள் ஹெல்மெட், ஒரு கீறல் இல்லை. காமினி அதை வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். தூக்கிப் போடவும் மனசில்லை, தினம் பார்க்கவும் மனசில்லை.

துளசி இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். காமினியும் கூடவே போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயர் ஈத்தாம் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பிறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவள் ஓய்வு நாளில் தூங்கலாம். அவள் தூங்கவில்லை. கேண்டீன் சாக்கடை அடைத்துக்கொண்டால் காமினி. துப்புரவு நாளில் துடைப்பம் எடுத்து வருவது காமினி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளிச் செய்தி சொல்வதும் அவள்தான். டைப் பண்ணத் தெரியாது, பேசியே அனுப்புவாள். "வணக்கம், காமினி பேசறேன். புதன்கெழம கொசு மருந்து அடிக்கிறாங்க. பிள்ளைங்க புத்தகத்த வகுப்புல விட்டுட்டு வர வேணாம்லா." எல்லாரும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். துடைப்பத்தைத் தூக்குவதற்கு மட்டும் யாரும் வர மாட்டார்கள். அவளும் பழைய பாய்லர் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே செய்து முடிப்பாள். கூட்டத்தில் கைப்பை இன்னமும் பக்கத்து நாற்காலியில் உட்காரும். கை பழகிவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு சோதனை வந்தது. அந்தப் பள்ளியில் மத்தியானத்தில் நடக்கிற தமிழ் வகுப்பை மூடப்போவதாகப் பேச்சு எழுந்தது. பிள்ளைகள் சரியாக வருவதில்லை, பெற்றோரும் எட்டிப்பார்ப்பதில்லை. பள்ளி முதல்வர் மர்ஜானா, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண்மணி. காமினி சிறுமியாக இருந்த தெருவுக்கு அடுத்த தெரு. மனசு உண்டு, ஆனால் கறார்.

"பதினஞ்சு குடும்பம் நேர்ல வந்து, எங்க பிள்ளைக்கு இந்த வகுப்பு வேணும்னு கை தூக்கட்டும். நான் நடத்துறேன். போன்ல தூக்குற கையெல்லாம் எனக்கு வேணாம், காமினி" என்றார்.

காமினிக்கு இது மொழிப்பற்று விவகாரம் இல்லை. அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். தமிழ் மட்டும்தான் தடுமாறாமல் படிப்பாள். அவள் வேலைக்குக் கிளம்பும்போது துளசி வீட்டில் இருக்க மாட்டாள். துளசி இருக்கும்போது இவள் தூக்கத்தில் இருப்பாள். தாயும் மகளும் பேசிக்கொள்வதே குளிர்பெட்டியில் ஒட்டிய வெள்ளைப் பலகையில்தான். 'அம்மா, ரசம் சூடு பண்ணிக் குடி.' 'துளசி, குடை எடுத்துப் போ.' கொஞ்ச நாளாக அந்தப் பலகையில் ஆங்கில எழுத்து தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. ஒருநாள் முழுவதும் ஆங்கிலத்தில் ஒரு வரி. காமினி அதன் முன்னால் நின்று நின்று பார்த்தாள். அது திட்டா, கொஞ்சலா, காய்ச்சலா என்று விளங்கவில்லை. வகுப்பும் போய்விட்டால் சொந்த மகள் சொல்வது தனக்கு எட்டாது. அவள் பயந்தது அதற்குத்தான்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவானது. பள்ளி நாற்காலிகள் எல்லாம் ஏதோ தேர்வுக்காக மண்டபத்துக்குள் பூட்டப்பட்டுவிட்டன. வாடகைக்குக் கேட்டால் ஊரில் ஒரு நாற்காலி இல்லை. சீனர்களின் ஏழாம் மாதம் அது. செத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிற மாதம் என்பார்கள். தெருவுக்குத் தெரு பந்தல், ஊதுபத்தி, மேடைப் பாட்டு. அந்த மேடைக்கு முன்னால் முதல் வரிசையை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். அதில் உயிருள்ளவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள்.

காய்கறி பசார் பக்கத்துச் சந்தில் மேடை போட்டிருந்த ஆ கியோங் கிழவர் காமினிக்குப் பழக்கம். "பின்னால அடுக்கி வச்சிருக்கேன் பார், அதை எடுத்துக்கோ. மேடைக்குக் கீழ இருக்கறதத் தொடாதே. சாயந்திரத்துக்குள்ள வந்துடணும்" என்று மலாயில் சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டார்.

நாற்காலி ஏற்ற வேன் கொண்டுவந்தவர் பக்கிரிசாமி. காய்கறி வியாபாரி, அவர் மகனும் அதே பள்ளி. குழுவில் கட்டைவிரலோடு நிற்காமல் ஆளாகவும் வருகிற ஒரே தகப்பன். அவர் வேனை நிறுத்தவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. பின்னால் அடுக்கியிருந்ததில் பாதியை ஏற்றுவதற்குள் மீதி தொப்பலாக நனைந்துவிட்டது. மேடைக்குக் கீழே இருந்த சிவப்பு நாற்காலிகள் மட்டும் காய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புக் காகிதத்தில் சீன எழுத்து.

"இது என்ன தங்கச்சி, நம்ம தொகுதி வை.பி.க்கு ரிசர்வு பண்ணதா?"

"அண்ணே, அது வேணாம். அங்கிள் தொடக் கூடாதுன்னாரு."

"வை.பி. எந்தக் காலத்துல நேரத்துக்கு வந்திருக்காரு? அவரு வர்றதுக்குள்ள நாம மூணு கூட்டம் போட்டுத் திருப்பி வச்சிரலாம். ஈர நாற்காலியப் போட்டா, வர்ற நாலு பேரும் இதச் சாக்கா வச்சு ஓடிருவாங்கலா."

அது எந்த அரசியல்வாதிக்கும் இல்லை, அந்த முதல் வரிசைக்கானது என்று காமினிக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்தவள். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். அந்தக் காகிதங்களை நகத்தால் சுரண்டிச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "ஏத்துங்க" என்றாள்.

கேண்டீனில் போட்டார்கள். சிவப்பு நாற்காலிகள் முன்னால், மற்றவை பின்னால். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சோயாப்பால் பொட்டலம் வைத்தார் பக்கிரிசாமி. காமினி பழக்கதோஷத்தில் முன் வரிசை ஓரத்து நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றாள்.

மழை நிற்கவில்லை. அவளையும் பக்கிரிசாமியையும் சேர்த்துப் பதினொரு குடும்பம்தான் தேறியது. நம் ஆட்கள் எந்தக் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்? வந்தவர்கள் அத்தனை பேரும் கடைசி வரிசைகளில் போய் அடைந்துகொண்டார்கள். சிவப்பு வரிசை காலியாகக் கிடந்தது.

"அண்ணே, இன்னும் நாலு வேணுமே" என்றாள் காமினி.

"ரோட்டுல போற நாலு பேரப் புடிச்சுட்டு வரட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் கேண்டீனில் எப்போதும் படுத்துக் கிடக்கிற கிழட்டு நாய் எழுந்தது. முன் வரிசையைப் பார்த்தது. குரைக்கவில்லை. வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, சுவரை ஒட்டியபடியே மழைக்குள் இறங்கிப் போனது. எங்கிருந்தோ ஊதுபத்தி வாசனை வந்தது. காமினி மாமிசம் வெட்டுகிற குளிர் அறைக்குள் நுழைந்தவள் மாதிரி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

முதல்வர் மர்ஜானா வந்தார். மின்னல் வெட்டி விளக்கு அணைந்துவிட, மங்கிய வெளிச்சத்தில் நின்று நாலு வார்த்தை பேசினார். "வகுப்பு வேணும்ங்கறவங்க கை தூக்குங்க. குடும்பத்துக்கு ஒரு கை" என்றார். விரலை நீட்டிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். முன் வரிசைக்கு வந்தும் விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டு நகர்ந்தது.

"பதினஞ்சு. சந்தோஷம். வகுப்பு நடக்கும்."

பின்னாலிருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 'இல்ல மேடம், பதினொண்ணுதான்' என்று காமினி சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வகுப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டாள்.

கிளம்பும்போது மர்ஜானா அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "ஆனா இது ஒரு நாள் கூத்தா போயிரக் கூடாது. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிடுவேன், இதே கூட்டம் வரணும். அப்புறம், முன்னால ஓரத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரே, யாரோட அப்பா? தொப்பலா நனைஞ்சிருந்தாரு, பாவம். ஒரு துண்டு குடுத்திருக்கலாம்ல?"

"யாரு மேடம்?"

"மடியில மஞ்ச ஹெல்மெட் வச்சிருந்தாரே. முதல்ல கை தூக்கினதே அவருதான். பேசினது நான், ஆனா அவரு உங்களையே பாத்துக்கிட்டிருந்தாரு."

மர்ஜானா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். காமினி முன் வரிசைக்கு நடந்தாள். ஓரத்து நாற்காலிக்குக் கீழே குளமாகத் தண்ணீர். நாற்காலியில் வைத்த கைப்பை தரையில், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த வரிசையில் நாலு சோயாப்பால் பொட்டலங்களைத் தூக்கிப் பார்த்தாள். உறிஞ்சுகுழாய் பொட்டலத்தோடு ஒட்டியபடியே இருந்தது, ஓட்டை போடவில்லை. ஆனால் நாலும் காற்று மாதிரி கனமற்று இருந்தன.

"உசுரோட இருந்தப்ப ஒரு கூட்டத்துக்கு வந்திருப்பியாய்யா நீ" என்று நாற்காலியைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பிறகு கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுபோனபோது ஆ கியோங் கிழவர் கத்தவில்லை. காகிதம் இல்லாத நாற்காலிகளைப் பார்த்தார், காமினியின் முகத்தைப் பார்த்தார்.

"வந்தவங்க சண்டை போட்டாங்களா?"

"இல்ல, அங்கிள். கை தூக்கினாங்க."

கிழவர் தலையாட்டிவிட்டுப் புதிதாகக் காகிதம் ஒட்ட ஆரம்பித்தார். "நாற்காலி எங்கே போகுதோ அங்கே விருந்தாளியும் போவாங்க. இது அவங்க வீட்டுச் சாமான். மாசம் முடிஞ்சா அவங்க கெளம்பிருவாங்க, பயப்படாதே. ஆனா ஒண்ணு. மாசம் முடிஞ்சப்புறம் யாருக்கும் இடம் பிடிச்சு வைக்காதே. இடம் இருந்தா ஆள் போகாது."

ரெண்டு மாதம் காமினிக்கு நிம்மதி இல்லை. அடுத்த முறை நாலு குடும்பம் குறைந்தால் வகுப்பு போய்விடும். ஓய்வு நாளெல்லாம் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கினாள். இந்த முறை குரல் செய்தி இல்லை. கதவைத் தட்டினாள்.

"வேலை இருக்கே, அக்கா" என்றான் ஒருத்தன்.

"இரு தம்பி, வேலையப் பாரு. நீ வரலைன்னா ஒன் எடம் காலியா இருக்கும்னு மட்டும் நெனக்காத. போன தடவ காலியா இருந்த எடத்துல யாரு வந்து உக்காந்தாங்கன்னு பக்கிரிசாமி அண்ணனக் கேளு."

பக்கிரிசாமி கேட்டவர்களுக்கெல்லாம் காலிப் பொட்டலக் கதையைக் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார். ஒரு வாரத்தில் ஆயர் ஈத்தாம் முழுக்கப் பரவிவிட்டது.

ரெண்டாவது கூட்டத்தன்று வெயில் கொளுத்தியது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பள்ளி நாற்காலிகளே கிடைத்தன. இருபது குடும்பத்துக்கு மேல் வந்துவிட்டது. அதைவிட அதிசயம், எல்லாரும் முன் வரிசையில் முண்டியடித்து உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலியைக் காலியாக விட யாருக்கும் தைரியம் இல்லை.

காமினி பக்கத்தில் மட்டும் ஒன்று மிச்சமிருந்தது. அவள் மடியில் கைப்பை. கிழவர் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்றைக்கு அவருடைய கை தேவையில்லை என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் அந்த நாற்காலியையே பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்தாள்.

கணக்கு எடுத்து, வகுப்பு நிலைத்தது என்று மர்ஜானா சொன்ன நேரத்தில், கடைசியாக வந்த பக்கிரிசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டே குனிந்தார். "தங்கச்சி, பைய எடு. நான் உக்காந்துக்கறேன்."

பை நாற்காலியில் இல்லை. அவள் காலடியில் நிமிர்ந்து நின்றது. அவளுடைய இடது கை முழுக்கச் சில்லிட்டிருந்தது.

"ஆள் இருக்கு, அண்ணே" என்றாள் காமினி.

பக்கிரிசாமி நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அன்று அவளுக்கு ராத்திரி ஷிப்ட். வீட்டுக்குப் போனபோது துளசி டியூஷனுக்குப் போயிருந்தாள். குளிர்பெட்டிப் பலகையில் மகளின் எழுத்து, ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல், மணிமணியாக இருந்தது.

'அம்மா, கதவுக்குப் பின்னால இருக்கற அப்பா ஹெல்மெட் ஏன் இவ்வளவு ஈரமா இருக்கு? தரையெல்லாம் தண்ணி. தொடச்சு, பழைய எடத்துலயே மாட்டி வச்சிட்டேன்.'